பிரபு வேஷம் கட்டும் என் மகளுக்கு

என் கண்ணே,

நாளைக் காலை நீ மதுரை பஸ் ஏறுகிறாய். அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர், அப்புறம் சென்னை என்று ஒரு மாதத்துக்கு உன் நாடகக் குழு ஊர் ஊராகப் போகிறது. நீ உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் குரல் நடுங்குகிறது, நீயும் “ஆரம்பிச்சாச்சா?” என்று சிரித்துவிடுகிறாய். உன் குழு வெளியிடும் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி உன் சிநேகிதிகள் என்னைக் கேட்டிருந்தார்கள். இதையே போட்டுக்கொள்ளட்டும். “எப்படிம்மா இதுக்கெல்லாம் மகளை விட்டிய?” என்று கடைவீதியில் என்னை நிறுத்திக் கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் கொஞ்சம் விரித்துச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று: எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த இரண்டு மாதமாக மோட்டார் பைக் சத்தம் நம் தெருவில் திரும்பினாலே என் கை வேலையை விட்டுவிடுகிறது. பட்டப்பகலில் வாசல் கேட்டைப் பூட்டுகிறேன். ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். ஓடுகிற மிஷினுக்குப் பயந்ததில்லை, சூப்பர்வைசருக்குப் பயந்ததில்லை. இந்த வயதில், வெள்ளைக்காரப் பிரபு ஒருவர் நம் வீட்டுக்குள் வந்து எனக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

அந்தப் பிரபுவை நீதான் கூட்டி வந்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் நீ சரித்திரம் நடத்துகிறாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நம் நாட்டுக்கு மாகாண அளவிலாவது சொந்த ஆட்சி கொடுக்கலாமா என்று லண்டனில் வருஷக்கணக்காக வாதாடினார்கள் என்று நீ சொன்னபோது எனக்குப் புதிதாக இருந்தது. சுதந்திரம் என்றால் இங்கே நாம் போராடினோம், அவர்கள் போனார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்கே அவர்களுக்குள்ளேயே, அதுவும் ஆளுங்கட்சிக்குள்ளேயே, ஒரு கூட்டம் குறுக்கே விழுந்து மறித்தது என்று உன்னிடம்தான் கேட்டேன். இங்கே கவர்னராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய கிழவர்கள், ஓய்வுபெற்ற பட்டாளத்து அதிகாரிகள், பத்திரிகை முதலாளிகள், இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்துத் துணி ஆலைக்காரர்கள். ‘கொஞ்சம் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்வோம்’ என்று அரசாங்கம் சொன்னது. ‘கொஞ்சம் கொடுத்தாலே எல்லாம் போய்விடும்’ என்று இவர்கள் சொன்னார்கள். கடைசியில் சட்டம் வந்தது, கவர்னர் கையில் கடிவாளத்தை விட்டுவைத்து. இந்த வாதத்தை நீயும் உன் சிநேகிதிகளும் நாடகமாக எழுதினீர்கள். எல்லோரும் பெண்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு லண்டன் சபையாக உட்கார வேண்டியது. எதிர்க்கிற கூட்டத்துக்குத் தலைவராக ஒரு கற்பனைப் பிரபு. அந்த வேஷம் உனக்கு.

ஒத்திகைக்கு ஆள் வராத நாட்களில் மற்றவர்களின் வசனங்களை நான்தான் படித்தேன், ஞாபகமிருக்கிறதா? மந்திரியாகவும் சபாநாயகராகவும் மாறி மாறிப் படிப்பேன். நீ கூடத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடப்பாய். “கனவான்களே, அந்த மக்களை நான் நேசிக்கிறேன். என் இளமையை அங்கே கொடுத்தேன். அவர்களுடைய காய்ச்சலில் நானும் கிடந்தேன். அதனால்தான் சொல்கிறேன், அவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. இன்று ஆட்சியைக் கொடுத்தால் நாளை ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிப்பார்கள். படித்த நாலு பேர் கத்துகிறார்கள் என்பதற்காக, பேசத் தெரியாத கோடிப் பேரை அவர்களிடம் ஒப்படைப்பதா? அவர்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இப்போது வேண்டாம்.” இதை நீ கத்திச் சொல்லவில்லை. நோயாளிக்கு மருந்து ஊட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாய். சொந்த ஆட்சி வந்தால் லங்காஷயர் துணிக்கு வரி போட்டு நம் தறிகளை நிறுத்திவிடுவார்கள் என்று பிரபு அழுகிற இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜபாளையத்து ஆலைக்காரியிடம் வந்தா அழுகிறார் என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். நாடகத்தைப் பற்றி நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

முதல் தடவை இங்கே ராஜபாளையத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்யாண மண்டபத்தில் போட்டீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ பேசப் பேச மண்டபமே அடங்கிப்போனது. உன் முகத்தில் என் மகளைத் தேடினேன், காணவில்லை. பேசி முடித்ததும் எனக்கு முன்னால் ஒருவர் பலமாகக் கைதட்டினார். பக்கத்துத் தெருவில் சின்னதாக ஆலை வைத்திருக்கிறாரே, அவர். நடிப்புக்குத் தட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். நாடகம் முடிந்ததும் நேரே வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அந்தத் தொரை சொன்னதுல என்னம்மா தப்பு? எழுதப் படிக்கத் தெரியாதவன் கையில ஓட்டைக் கொடுத்தா இப்படித்தான் இருக்கும். ஒரு பொட்டலம் பிரியாணிக்குக் கை நீட்டுதான். வெள்ளக்காரன் அம்புட்டையும் அப்பவே சொல்லிட்டான் பாத்தியா!” என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நீ கையை உருவிக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. “நான் தப்பா நடிச்சிட்டேனாம்மா? அந்தாளு பேச்சைக் கேட்டு சனங்க கொதிக்கணும்னுதானே எழுதுனோம். இவிய என்னன்னா பிரபுவையே தோள்ல தூக்கி வச்சுக்கிடுதாங்க” என்றாய்.  “நல்லா நடிச்சதாலதான் அப்படி” என்றேன். அது உனக்கு ஆறுதலாக இல்லை, எனக்கும்தான். செத்துச் சாம்பலான ஒரு பேச்சு இத்தனை வருஷம் கழித்து நம் ஊர் மண்டபத்தில், நம் ஆட்களுடைய தலையாட்டலோடு எழுந்து நடந்தது. முதல் பயம் அன்றைக்கு வந்தது.

இரண்டாவது பயம் அந்த வாரமே வந்தது. யாரோ போனில் எடுத்த படத்திலிருந்து பிரபு பேசுகிற துண்டை மட்டும் வெட்டி, முன்னும் பின்னும் இல்லாமல் பரப்பிவிட்டார்கள். ‘நம் மக்களுக்கு ஆளத் தெரியாது என்கிறாள் இந்தப் பொம்பளை’ என்று மேலே எழுத்து. நாடகம் என்கிற வார்த்தையே அதில் இல்லை. நீ கல்லூரிக்குப் போயிருந்த நேரம், நல்ல உச்சி வெயிலில், இரண்டு பேர் பைக்கில் வந்து நம் வாசலில் நின்றார்கள். தாடி வைத்த ஒருவன், ஒல்லியாக இன்னொருவன்.

“அந்தக் கோட்டுப் போட்ட பொம்பள வீடு இதுதானா?” என்றான் தாடிக்காரன்.

“என்ன வேணும் உங்களுக்கு?” கேட்டைத் திறக்காமலே கேட்டேன்.

“வெளிய வரச் சொல்லுங்க. நாட்டைப் பத்திக் கேவலமாப் பேசியிருக்கா.”

“அது நாடகம்ப்பா. வெள்ளக்காரன் வேஷம். அவன் பேசுன பேச்சைத்தான் பேசுதா.”

“எவன் பேச்சா இருந்தா என்னம்மா, பேசுனது ஒங்க மக வாய்தானே? அடுத்தாப்புல வில்லிபுத்தூர்ல போடுதாங்களாமே. அங்க பேசிப் பாக்கச் சொல்லுங்க.”

ஒல்லியானவன் போனை எடுத்து நம் வீட்டைப் படம் பிடித்தான். கதவு எண்ணை, மாடிப்படியை, கொடியில் காய்ந்த உன் சேலையை, கடைசியில் என்னை. பைக் போன பிறகும் கேட்டுக் கம்பியை விட்டு என் கை வரவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் படம் இப்போது யார் யார் போனில் இருக்கிறதோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று நீ வீடு திரும்பியதும் நான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். “நீ வில்லிபுத்தூருக்குப் போகக் கூடாது. ஊரு எப்படின்னு உனக்குத் தெரியாது ஏட்டி. நான் பாத்தவ, அனுபவப்பட்டவ. உனக்கு இன்னும் பக்குவம் வரல. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்.” மூச்சு விடாமல் சொன்னேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், “அம்மா, நாலாவது பக்கம்” என்றாய்.

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியபோது அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பிரபு பேசுகிற நாலாவது பக்கத்தை அச்சுப் பிசகாமல் நான் ஒப்பித்திருக்கிறேன். ஒத்திகையில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகி வந்த வார்த்தைகள் இல்லை அவை. என் வயிற்றிலிருந்து வந்தவை. அப்படியானால் அந்தக் கிழவரும் பயந்துபோய்த்தான் பேசினாரா என்று அன்று முழுக்க யோசித்தேன். பயந்துதான் இருப்பார். கையில் இருந்தது போய்விடுமே என்கிற பயம். அதையே அன்பு என்று சொல்லிக்கொண்டார். நான் பயப்படுவது உனக்காகவா, நீ இல்லாமல் போனால் நான் என்ன ஆவேன் என்கிற எனக்காகவா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

ஆலையில் எங்கள் கேண்டீன் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. அப்போது நீ கைக்குழந்தை. சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் இருந்தது. நாங்களே கமிட்டி வைத்து நடத்துகிறோம் என்று கேட்டோம். “உங்களுக்கு அதெல்லாம் நடத்தத் தெரியாதும்மா, ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பிடிச்சுக்கிடுவிய” என்றார் மேனேஜர். கெட்டவர் இல்லை அவர். தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் ஸ்வீட் அனுப்புகிறவர். கடைசியில் விட்டுக்கொடுத்தார், கூட வேலை பார்த்தவர்கள் கமிட்டிக்கு என்னை நிற்கச் சொன்னார்கள். அதே ஆலையில் ஃபிட்டராக இருந்த உன் அப்பா, “நமக்கெதுக்கு இந்த வம்பு?” என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. முதல் வாரம் நாங்கள் வைத்த சாம்பார் இருக்கிறதே, அதை மாடுகூடக் குடிக்காது. பருப்பு வாங்கப் போனவளே பருப்பைத் திருடினாள். சண்டை வந்தது, மேனேஜர் சொன்ன மாதிரியே தலைமுடிச் சண்டை. அவளை மாற்றினோம், வேறொருத்தியைப் போட்டோம், அவளையும் மாற்றினோம். மெல்ல மெல்ல ருசி வந்தது. அந்தக் கெட்ட சாம்பாரை ஒருத்தர்கூடக் கொட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உன் அப்பா மூலையில் உட்கார்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே, தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அவிய வாயால் ஒருநாளும் அதை நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. வம்பு வேண்டாம் என்றும் அதற்கப்புறம் சொன்னதில்லை.

இதையெல்லாம் நினைத்ததால் தைரியம் வந்துவிட்டது என்று எண்ணாதே. வரவில்லை. தடுக்க மட்டும் வாய் வரவில்லை. “நானும் கூட வாரேன்” என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உன்னோடு பஸ்ஸில் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். பால்கோவாக் கடையைச் சாத்திவிட்டு உன் மாமா மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். “யக்கா, நீ ஏன் இப்படி வெளிறிப் போயிருக்க? நான் முன்னால உக்காந்துக்கிடுதேன். என்னையத் தாண்டி எவன் போவான்?” என்றான். என் தம்பியின் உடம்பைப் பார்த்தேன். யாரும் தாண்டலாம். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய மாதிரி இருந்தது.

திரை விலகியபோது தாடிக்காரனும் ஒல்லியானவனும் பின்சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டேன். அவர்களோடு இன்னும் சிலர். நீ எழுந்து கைத்தடியை ஊன்றி, “கனவான்களே” என்று ஆரம்பித்தாய். “பக்குவம்” என்ற வார்த்தை வந்ததும் பின்னாலிருந்து ஒரு கத்தல்: “ஏய், நிறுத்து! யாரு ஊர்ல வந்து யாரைப் பேசுத?” தாடிக்காரன்தான். மண்டபம் முழுக்கத் திரும்பியது. நீ வேஷத்தைக் கலைத்துவிட்டு உள்ளே ஓடிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீ ஓடவில்லை. பிரபுவாகவே மெதுவாகத் திரும்பி, அவனைப் பார்த்துப் புன்னகைத்து, பிறகு மேடையில் இருந்த சபையிடம் சொன்னாய்: “பார்த்தீர்களா, கனவான்களே? ஒருவர் பேச ஒருவர் விடமாட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? இவர்கள் கையிலா ஆட்சியைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?”

அந்த வசனம் எந்தப் பக்கத்திலும் இல்லை.  தாடிக்காரன் நடைபாதையில் இறங்கி மேடையை நோக்கி வந்தான். நான் எழுந்தேன். உன் மாமா என் கையைப் பிடித்தான். மேடைக்குக் கீழே வந்து அவன் நின்றுவிட்டான். அடிக்கத்தான் வந்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அங்கே கோட்டோடு நின்ற உருவத்தை அண்ணாந்து பார்த்ததும் அவனுக்கு நீ மறைந்து, நிஜத் துரையே எதிரில் நிற்பதாகத் தோன்றிவிட்டது போல.

“ஏ தொரை! நாங்க சத்தம் போடுவோம், சண்டை போடுவோம். அது எங்க வீட்டுச் சண்டை. எங்களுக்குப் பக்குவம் வந்திருச்சா வரலையான்னு பாக்க உன்னைய யாரு கூப்பிட்டா?” என்றான்.

“நான் போய்விட்டால் உங்களில் இளைத்தவனை வலுத்தவனிடமிருந்து யார் காப்பாற்றுவார்கள்?” என்றாய் நீ. அந்தப் பிரபுவிடம் இருந்ததிலேயே பலமான கேள்வி அது. ஒத்திகையில் அதற்கு மந்திரி சொல்லும் பதில் எனக்குத் திருப்தியாக இருந்ததே இல்லை.

  அவன் குரலைத் தாழ்த்தி, “நாங்க ஒழுங்கா இருக்கோம்னு நான் சொல்லல. அந்த அநியாயம் எங்களுக்குள்ள இருக்கு. தீந்தா எங்களாலதான் தீரணும். நீ நடுவுல உக்காந்திருந்தா அது தீரவே தீராது. நீ எந்திரிச்சுப் போ” என்றான்.

உங்கள் நாடகத்தில் நம்மைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நம் ஆள் ஒருவருக்குக்கூட அந்தச் சபையில் இடம் இருக்காது. அன்று ஒருவன் வந்து நின்று பேசிவிட்டான். பிரபுவுக்கு இன்னும் ஒன்றரைப் பக்கம் வசனம் பாக்கி. நீ அதைப் பேசாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். கைதட்டல் வெடித்தது. நான் தட்டவில்லை. கைத்தடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த உன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் நீ என்னைக் கட்டிக்கொண்டு, “சத்தியமா எனக்குப் பயம்மா. அவன் வரும்போது கால் ரெண்டும் மரத்துப் போச்சு” என்றாய். அதுவரை உனக்குப் பயமே கிடையாது, அதனால்தான் ஆபத்து தெரியாமல் ஆடுகிறாய் என்று நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் அங்கே நின்றிருக்கிறாய். அது தெரிந்தபிறகு உன்னைக் குழந்தை என்று சொல்ல எனக்கு வாயில்லாமல் போய்விட்டது.

நாம் வெளியே வந்தபோது உன் மாமாவின் ஸ்கூட்டர் கீழே தள்ளப்பட்டு, சீட் கிழிக்கப்பட்டுக் கிடந்தது. நீ அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாய். அந்தத் தாடிக்காரன் என் பக்கத்தில் வந்து நின்றான். நான் இதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். “யம்மா, ஒங்க மக நல்லா நடிக்கிறா. ஆனா இந்த வேஷம் வேண்டாம்னு சொல்லுங்க. எல்லாவனும் என்னைய மாதிரி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டான்” என்றான். மிரட்டலா, அக்கறையா, தெரியவில்லை. ஒல்லியானவன் அவனைப் பார்க்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றுவரை தெரியாத எண்களிலிருந்து போன் வருகிறது. நீ எடுக்காதபோது நான் எடுக்கிறேன், மறுமுனையில் சில சமயம் மூச்சு மட்டும் கேட்கிறது.

ஆகவே என் புத்திமதி இதுதான். எந்த மண்டபத்திலும் பின்வாசல் எங்கே என்று முதலில் பார். தனியாக ஆட்டோவில் ஏறாதே. சாப்பிடாமல் மேடை ஏறாதே. பயம் வந்தால் கூட இருப்பவர்களிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு, மறைத்தால் பெருகும். கத்துகிறவனைவிடக் கைதட்டுகிறவனைக் கவனமாகப் பார். கத்துகிறவனோடு ஒருவேளை பேசிவிடலாம். அந்த ஆலைக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால், “தொரை எப்படி இருக்காரு?” என்று பாசமாக விசாரிக்கிறார். அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எனக்கும் எழுது.

காலையில் நான் பஸ் நிலையத்துக்கு வரமாட்டேன். வந்தால் கடைசி நிமிஷத்தில் உன் பையைப் பிடித்து இழுத்துவிடுவேன், அந்த அளவுக்கு என்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. ‘போயிட்டு வா’ என்று சொல்லவும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் வருமா, அடுத்த வருஷம் வருமா, தெரியாது. நான் தயாராகும்வரை நீ காத்திருக்காதே.

உன் அம்மா